முக்காலியின்றி இரவைப் படமெடுத்தல்

‘ஃபோட்டோகிராஃபி’ என்னும் சொல் ஒளி, எழுத்து எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டாகும். தமிழில் நாம் அதனை ஒளிப்படக்கலை என்கிறோம். எழுதுவதற்கு மை வேண்டுவதுபோல் இக்கலைக்கு ஒளி வேண்டும். மை வற்றிய பேனாவால் எழுத முற்படுவோர் படும் பாட்டையே, இரவு நேரத்தில் கருவியைக் கையில் எடுப்போரும் படுகின்றனர். தொழில்முறைக் கலைஞர்கள் முக்காலி என்னும் மூன்று கால் தாங்கியின் துணையால் இக்குறையைத் தீர்த்துக்கொள்வர். மாணவர்கள் பலரிடம் முக்காலி இராது. இருந்தாலும், வழியனுப்பும் வாசலுக்கும் திருமண வீட்டின் நெரிசலுக்கும் அதனைச் சுமந்து செல்ல இயலாது. கையையே நம்பி இரவில் படமெடுக்கக் கற்பவர்க்கு வேண்டிய அடிப்படைகளைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தவறிய படம்

இதனை எழுதத் தூண்டியது என் தவறு ஒன்று. 1993-ஆம் ஆண்டு, என் அண்ணன் முதன்முறையாக வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்ட இரவு. வேன் வந்து வாசலில் நின்றது. என் கையில் நண்பரிடம் இரவல் பெற்ற யாஷிகா எலக்ட்ரோ 35 கருவி இருந்தது. எங்கள் நன்னி படமெடுத்துக்கொள்ள ஒருபோதும் இசைந்தவர் அல்லர். கருவியைக் கண்டால் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வார். அன்று மட்டும் தாமாகவே வந்து, பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு, திண்ணைக் குழல்விளக்கின் கீழ் நின்றார். நான் பொத்தானை அழுத்தினேன். கருவியில் மஞ்சள் விளக்கொன்று ஒளிர்ந்தது. ஆயத்தம் என்பதன் அடையாளம் அதுவென எண்ணி மகிழ்ந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சுருள் கழுவி வந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று புகைபோல் நீண்டிருந்தது. முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மங்கலான கோடுகள். மறு ஆண்டு நன்னி காலமானார். அண்ணன் திரும்பி வந்தபோது காட்டுவதற்கு எங்களிடம் இருந்தது அந்த ஒரு படமே. அம்மா அதனை எறியவில்லை. இன்றும் குடும்பத் தொகுப்பேட்டில் அது இருக்கிறது. அந்த மஞ்சள் விளக்கு ‘வெளிச்சம் போதாது, கை அசையும்’ என்று எச்சரித்த விளக்கு என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன்.

கண்ணும் கருவியும்

நண்பகல் வெயிலின் ஒளியளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். தெருவிளக்கின் கீழ் அது 10 லக்ஸ் அளவே இருக்கும். முழுநிலவின் ஒளியோ கால் லக்ஸ் அளவுதான். இத்துணைப் பெரிய வேறுபாட்டை நம் கண் பெரிதாக உணர்வதில்லை. கண்ணின் பாவை விரிந்து கொடுக்கிறது. விழித்திரை மெல்ல மெல்ல இருளுக்குப் பழகிக்கொள்கிறது. மூளை இடைவெளிகளை நிரப்புகிறது. நிலவொளியில் நடந்து வருபவரை நாம் நடையைக் கொண்டே இன்னார் என்று அறிகிறோம். கருவிக்கு இத்தகைய முன்னறிவு இல்லை. தன்மேல் விழுந்த ஒளியை மட்டுமே அது கணக்கில் கொள்ளும். ‘கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் ஏன் விழவில்லை?’ என்று தொடக்க நிலையினர் வினவுவதற்கு இதுவே விடை.

மூன்று வாயில்கள்

கருவிக்குள் செல்லும் ஒளியையும் அதனை ஏற்கும் திறனையும் மூன்று வழிகளில் நாம் ஆள்கிறோம்.

முதலாவது, லென்சின் துளை. கி.பி. 965-ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்த ஒளியியல் அறிஞர் இப்னு ஹைதம், சூரிய கிரகணத்தின்போது சிறுதுளை வழியே இருட்டறைக்குள் விழும் பிம்பத்தை ஆராய்ந்தார். துளை சிறிதாயின் பிறைவடிவம் தெளிவாக விழுகிறது. துளை பெரிதாயின் ஒளி மிகுகிறது, ஆனால் வடிவம் சிதைந்து வட்டமாகிவிடுகிறது என விளக்கினார். ஒளி வேண்டுமெனில் தெளிவை இழக்க வேண்டும் என்னும் இந்த இக்கட்டைப் பெருமளவு தீர்த்தது லென்சு. ஆயினும் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. துளை விரிய விரிய, குவியத்திற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கும். துளையளவை எஃப் 1.8, எஃப் 3.5, எஃப் 8 என்று குறிப்பர். எண் சிறிதாயின் துளை பெரிது என்பதை நினைவிற் கொள்க. எஃப் 3.5-ஐ விட எஃப் 1.8 ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். 1924-இல் ஜெர்மனியில் வெளிவந்த எர்மனாக்ஸ் என்னும் கருவி இத்தகைய பெருந்துளை லென்சினைக் கொண்டிருந்தது. எரிக் சாலமன் அதனைக் கொண்டே, மின்வெட்டொளி இன்றி, நீதிமன்றங்களையும் பன்னாட்டு மாநாட்டு அறைகளையும் படமெடுத்துப் புகழ்பெற்றார்.

இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். நேரம் நீண்டால் ஒளி மிகும். கையின் நடுக்கமும் உடன் பதியும். இதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. லென்சின் குவியத் தொலைவு எத்தனை மில்லிமீட்டரோ, வினாடியை அத்தனை கூறிட்டு, அதில் ஒரு கூற்றுக்கு மேல் கையில் வைத்து எடுத்தலாகாது. 50 மி.மீ. லென்சுக்கு 1/50 வினாடி, 200 மி.மீ. லென்சுக்கு 1/200 வினாடி. இவ்விதி 35 மி.மீ. சுருள் அளவைக் கருதியது. சென்சர் சிறிதாயின் இன்னும் விரைவு வேண்டும். தொலைவில் உள்ளதை அருகில் இழுக்கும் லென்சு நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். எனவே இரவில் ‘ஜூம்’ செய்யாது, காலால் நடந்து அருகிற் செல்க.

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன். எண் இரட்டித்தால், வேண்டிய நேரம் பாதியாகும். தெருவிளக்கின் கீழ் எஃப் 3.5 துளையில் ஐ.எஸ்.ஓ. 100-க்கு அரை வினாடி தேவைப்படுகிறது என்று கொள்வோம். எவர் கையும் அரை வினாடி அசையாது நில்லாது. ஐ.எஸ்.ஓ. 200-இல் 1/4, 400-இல் 1/8, 800-இல் 1/15, 1600-இல் 1/30 என நேரம் குறைகிறது. அகன்ற கோண லென்சாயின் 1/30 கைக்கு அடங்கும். எஃப் 1.8 லென்சு இருப்பின் அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/125 வினாடியை நெருங்கலாம்.

உணர்திறனை உயர்த்தினால் படத்தில் மணல்போலப் புள்ளிகள் தோன்றும் என்று அஞ்சுவோர் உளர். அஞ்ச வேண்டியதில்லை. புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். அசைந்து கலைந்த முகத்தை எக்கருவியாலும் முழுமையாக மீட்க இயலாது. இரண்டில் ஒன்றை ஏற்றே ஆகவேண்டுமெனில் புள்ளியை ஏற்றுக்கொள்க.

உடலே முக்காலி

எண்களை அறிந்தபின் உடலைப் பழக்க வேண்டும். பயிற்சியால் கைவரும் பகுதி இதுவே.

இடக்கையை லென்சின் அடியில் ஏந்துக. முழங்கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்க. கால்களைச் சற்று அகற்றி, ஒரு காலை முன்வைத்து நிற்க. மூச்சை இழுத்து, பாதியை வெளியே விட்டு, அவ்விடைவெளியில் பொத்தானை மெல்ல அழுத்துக. குத்துவது போல் அழுத்தினால் கருவி தலைகுனியும். சுவர், தூண், மரம் ஆகியவற்றில் ஒன்றன்மேல் தோளைச் சாய்த்தால் நடுக்கம் பெரிதும் குறையும். அமர்ந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றுதல் இன்னும் நன்று. ஓடும் எஞ்சினையுடைய வண்டியின்மேல் மட்டும் சாயாதீர்.

கைப்பிடிச் சுவர் கிடைத்தால் கருவியை அதன்மேலேயே வைத்துவிடலாம். சிறு துணிப்பையில் அரிசியோ பாசிப்பயறோ முக்காற்பங்கு நிரப்பி எடுத்துச் சென்றால் கரடுமுரடான இடத்திலும் கருவி அமரும். பின்னர் இரண்டு வினாடித் தாமத ஏற்பாட்டை அமைத்துக் கையை எடுத்துவிட்டால், ஒரு வினாடிப் படமும் கூர்மையாக விழும். பிறிதொரு வழி கயிற்று முறை. கருவியின் அடியில் முக்காலிக்கென அமைந்த திருகுதுளையில் ஒரு திருகாணியைப் பொருத்தி, அதில் நூற்கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்து, கருவியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் மேலும் கீழுமான ஆட்டம் அடங்கும்.

எப்போதும் ஒன்றோடு நில்லாது மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து எடுக்க. முதற்படத்தில் விரல் அழுத்தும் அசைவும் இறுதிப்படத்தில் விரல் எடுக்கும் அசைவும் இருக்கும். நடுப்படங்களில் ஒன்று பெரும்பாலும் தெளிவாக அமையும். இன்றைய கருவிகள் பலவற்றில் நடுக்கம் தணிக்கும் அமைப்பு உண்டு. அது நம் கையின் அசைவைத் தணிக்குமேயன்றி, எதிரே நடப்பவரை நிறுத்தி வைக்காது.

இரவின் மூன்று பொழுதுகள்

தமிழ் இலக்கண மரபு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தது. அவற்றுள் மாலை, யாமம், வைகறை என்னும் மூன்றும் இரவுக்குரியன. இரவு முழுவதும் ஒரே தன்மையுடையது அன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஒளிப்படம் கற்பவரும் இதனை அறிதல் வேண்டும்.

முக்காலி இல்லாதவர்க்கு உற்ற பொழுது மாலையின் தொடக்கமே. கதிரவன் மறைந்து அடிவானத்திற்கு 6 பாகை கீழே இறங்கும்வரை, நம் பகுதியில் 20 முதல் 25 நிமிடங்கள், வானில் ஒளி எஞ்சியிருக்கும். அப்போது வானம் ஆழ்ந்த நீலமாக மாறும், விளக்குகளும் ஏற்றப்பட்டிருக்கும். மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு விரைந்து வருபவருக்கும் அதன் இறுதிப்பகுதி காத்திருக்கும்.

திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்வோம். குளத்தில் நீர் நிறைந்த நாளில், 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டைப் பாறையும் உச்சி விளக்குகளும் நீரில் தலைகீழாக விழும். யாமத்தில் சென்று எடுத்தால் பாறை கருவானில் கரைந்து விளக்குகள் மட்டும் வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். மாலைத் தொடக்கத்தில் எடுத்தால் நீலவானின்முன் பாறையின் விளிம்பு தெளிவாகத் தெரியும். 1/30 வினாடியே போதுமானதாக இருக்கும். இடமும் கருவியும் ஒன்றே. பொழுது மட்டுமே வேறு.

யாமத்தில் வெளிச்சமுள்ள இடங்களை நாடுக. கடைவீதி, பேருந்து நிலையம், தேநீர்க் கடையின் முகப்பு ஆகியவை நமக்குரியவை. அங்கும் ஒரு கண்ணி உண்டு. கரிய பரப்பைக் கண்ட கருவி, படத்தை மிகையாக வெளுக்கச் செய்யும், விளக்குகள் எரிந்துபோகும். ஒளியளவை ஒரு படி குறைத்து வைத்தால் இரவு இரவாகவே தோன்றும், நேரமும் பாதியாகும். குவியம் அமையாது கருவி தடுமாறினால், இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பின்மேல், காட்டாகப் பெயர்ப்பலகை எழுத்தின்மேல், குவியத்தை அமைக்க. மின்வெட்டொளியால் குறைதீரும் என்று நம்பற்க. அது சில மீட்டர் தொலைவே செல்லும். எதிரில் நிற்பவர் முகத்தை வெளுத்து, பின்னுள்ள தெரு முழுவதையும் இருளாக்கிவிடும்.

கைப்பேசியின் வழி

இன்று மாணவர் கையிலுள்ள கைப்பேசி இச்சிக்கலை வேறு வகையில் அணுகுகிறது. 2018-இல் கூகுள் நிறுவனத்தின் பிக்சல் கைப்பேசிகளில் அறிமுகமான ‘நைட் சைட்’ போன்ற இரவு முறைகள், நீண்ட ஒரு படத்திற்கு மாற்றாகக் குறுகிய பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திக் கூட்டுகின்றன. நடுக்கம் குறைகிறது, புள்ளிகளும் குறைகின்றன. ஆயினும் சில வினாடிகள் கை அமைதியாக இருத்தல் வேண்டும். ஓடும் குழந்தை நிழலுருவாகவே விழும். சுவரில் சாய்தலும் மூச்சை அடக்குதலும் இங்கும் பயன்தரும்.

இருளில் பேண வேண்டிய பண்பு

இரவில் மனிதர்கள் காவலின்றி இருப்பர். நடைமேடையில் உறங்கும் தொழிலாளி, பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண், வழிபாட்டில் அமர்ந்திருக்கும் முதியவர் ஆகியோர் நம் பயிற்சிக்குரிய பொருள்கள் அல்லர். முகம் தெரிய எடுப்பதாயின் ஒப்புதல் கேட்க. கேட்டபின் அவர் அசையாது நிற்பார். அதனால் படமும் தெளிவாக அமையும்.

மீண்டும் அந்தத் திண்ணை

கற்றவற்றைக் கொண்டு 1993-இன் அந்த இரவை இப்போது கணக்கிட்டுப் பார்க்கிறேன். கருவியில் இருந்தது நூறு வேகச் சுருள். பகலில் வைத்த எஃப் 8 துளையை மாற்றாது விட்டிருந்தேன். அந்தக் குழல்விளக்கின் கீழ் அதற்கு ஏறத்தாழ 2 வினாடி வேண்டியிருக்கும். முதல் ஓசை கேட்டவுடன் படம் முடிந்ததென்று கையை இறக்கிவிட்டேன். அக்கருவியின் லென்சு எஃப் 1.7 வரை விரியக்கூடியது. வளையத்தை அதுவரை திருப்பியிருந்தால் 1/11 வினாடி போதும். இருவரையும் விளக்குக்குப் பாதித் தொலைவில் நிற்கச் சொல்லியிருந்தால் ஒளி இரு மடங்கிற்குக் குறையாது கூடி, 1/20 வினாடியை எட்டியிருக்கும். எதிரே வாசல்தூண் இருந்தது. அதில் தோளைச் சாய்த்து, ‘நன்னி, கொஞ்சம் அசையாம நில்லுங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். நானூறு வேகச் சுருளாயின் 1/80. புதுக் கருவியோ முக்காலியோ தேவைப்பட்டிருக்காது. வளையத்தை ஒரு முறை திருப்பத் தெரிந்திருந்தால் போதும்.

இன்றும் நம் வீடுகளிலிருந்து பிள்ளைகள் இரவில்தான் புறப்படுகின்றனர். மாணவ நண்பர்கள் இன்றிரவே தத்தம் வீட்டு வாசலில், விளக்கின் கீழ், வீட்டுப் பெரியவர் ஒருவரை அவர் இசைவோடு நிற்கச் செய்து பயிற்சியைத் தொடங்கலாம். முதற்படங்கள் கலங்கியே விழும். அவற்றை அழித்துவிடாது, துளை, நேரம், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்க. பத்து இரவுகளில் கை பழகிவிடும். வேன் வாசலுக்கு வரும் நாளுக்கு முன்னரே அது பழகியிருத்தல் நலம்.