முகம் இல்லாமலும் ஆளைத் தெரியும்
நூலும் மணியும் கொண்டு ஒரு நினைவுச் சித்திரம்



நம் டிரஸ்டின் தையல் வகுப்பில் ஆரி வேலை பழகிய மாணவி ஒருவர், வஃபாத்தான தம் உம்மம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டு வந்தார். "இதை வைத்து உம்மம்மாவையே தைக்கணும் மாமா. முகம் தைக்கலாமா?" என்று கேட்டார்.

அதற்கு முன் நான் ஒன்று கேட்டேன். மவுத்தானவரின் உடுப்பும் வாரிசுகளின் சொத்துதான். பெரியம்மா, மாமாமார் எல்லோரும் சம்மதித்தார்களா? கேட்டு வந்த பிறகே துணியில் கத்தரி வைத்தோம்.

அடுத்து முகம். ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததும், அத்துணி பிறகு தலையணை ஆனதும் ஸஹீஹ் புகாரியில் வருகிறது. உருவம் வரைவது பற்றி உலமாக்களின் விளக்கங்கள் பலவிதம். உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பேணுதலான வழியை எடுத்தோம். உம்மம்மா திண்ணையில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். துப்பட்டியும், தஸ்பீஹ் பிடித்த கையும் மட்டும் தெரியும்.

இனி தைக்கும் முறை.

முதலில் கெட்டியான கருநீலக் காட்டன் துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டவும். தட்டினால் தஃப் போல ஒலிக்க வேண்டும். தளர்ந்திருந்தால், ஃப்ரேமிலிருந்து கழற்றியதும் துணி சுருங்கிக்கொள்ளும். ட்ரேஸ் பேப்பரில் கோடுகளை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, சாக்குப் பொடி தேய்த்தால் படம் துணியில் இறங்கும்.

துப்பட்டியை வரைவதில்லை, அந்தத் துணியையே வெட்டி ஒட்டுத் தையலாகப் போடுகிறோம். பழந்துணி நைந்திருக்கும். ஆகவே அடியில் மெல்லிய லைனிங் கொடுத்து, ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, வெளியே தெரியாத சிறு தையலாகப் போடவும். தோளில் துணி விழும் இடத்தில் நிஜமாகவே இரண்டு மூன்று மடிப்பு எடுத்தால் போதும், நிழல் தானாக விழும்.

கைதான் சிரமம். ஆறு இழை நூலிலிருந்து ஒரே இழையைப் பிரித்து, வெளிர், நடுத்தரம், அடர்த்தி என மூன்று பழுப்பு நிறங்களை எடுக்கவும். ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை என்று மாற்றிப் போட்டால் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்கும். தையல் விரலின் போக்கிலேயே செல்லட்டும். குறுக்கே போனால் விரல் தட்டையாகிவிடும்.

மணி கடைசியில்தான். முன்பே வைத்தால் நூல் அதில் சிக்கும். தஸ்பீஹுக்கு 33 பாசிமணி, ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர். மூன்று மணி கோத்து ஊசியைக் கீழே இறக்கி, பின்னால் வந்து கடைசி மணிக்குள் மறுபடியும் நுழைத்தால் வரிசை ஆடாது. சில தையலுக்கு ஒருமுறை அடியில் முடிச்சிடவும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் எல்லாம் உதிராது. மினுமினுக்கிறதே என்று வேறெங்கும் மணி சேர்க்க வேண்டாம். உம்மம்மா கையில் இருந்தது தஸ்பீஹ் ஒன்றுதான்.

முடிந்த வேலையைத் தண்ணீரில் அலச வேண்டாம். டர்க்கி டவலின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்புறம் மட்டும் இளஞ்சூட்டில் தேய்க்கவும். நேர் வெயில் படாத இடத்தில் வைக்கவும்.

தினம் ஒன்றரை மணி நேரமாக, அந்த மாணவிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பார்க்க வந்த அவருடைய பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "உம்மா இடது தோளைச் சாய்ச்சுத்தான் உட்காருவாங்க" என்றார். அந்தச் சாய்வை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பேத்தி கவனித்து வைத்திருந்தது அது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு துணி இருக்கலாம். பெரியவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே, அவர்கள் உட்காரும் விதத்தைப் பிள்ளைகள் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்