இழுக்கும் சரி, தாங்குமா?

சாலை விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு லோரி வந்து நின்றால், அதன் கதவைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மலாய் மொழியில் இரண்டு எடைக் கணக்குகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, சுமையில்லாத எடை. மற்றொன்று, சுமையோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த லோரி சுமக்கக்கூடிய பாரம்.

ஆரம்பப் பள்ளி மாணவனுக்கும் தெரிந்த கழித்தல் கணக்குதான் இது. ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் அமெரிக்க டாலர் கொடுத்து வண்டி வாங்கிவிட்டு, பிறகு தலையில் கை வைத்து உட்காருபவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்கள் லோரி முதலாளிகள் அல்லர். பணி ஓய்வு பெற்ற சாதாரணக் குடும்பத்தினர்.

அங்கே ஓய்வு பெற்ற பலருக்கு ஒரு கனவு உண்டு. இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, சக்கரம் வைத்த வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாழ வேண்டும் என்பதே அது. குளிர் காலத்தில் அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா என்று தெற்கே போவார்கள். வெயில் வந்ததும் வடக்கே திரும்புவார்கள். படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் கொண்ட அந்த நடமாடும் வீட்டை இழுக்க, கனரக பிக்கப் வாகனம் வேண்டும். அந்த வாகனத்தில் எந்தெந்த வசதிகளைக் கேட்டு வாங்குவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஐந்தாவது சக்கரம்

இந்த வகை நடமாடும் வீட்டுக்கு ‘ஐந்தாவது சக்கரம்’ என்று பெயர். நான்கு சக்கரம் போக ஐந்தாவது ஒன்று எங்கே என்று கேட்கலாம். குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. அன்றைய வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக, அதன் மேல் படுக்கை வாட்டில் ஒரு வளையம் பொருத்தியிருந்தார்கள். அதைத்தான் ஐந்தாவது சக்கரம் என்றார்கள்.

கிள்ளான் துறைமுகப் பக்கம் போனவர்கள் அதன் இன்றைய வடிவத்தைப் பார்த்திருப்பார்கள். கொள்கலன் ஏற்றும் டிரெய்லர் லோரியின் தலைப்பகுதி தனியாக ஓடும்போது, அதன் முதுகில் எண்ணெய்ப் பசையுடன் ஒரு வட்டத் தட்டு தெரியும். கொள்கலன் வண்டியின் முன்பக்கம் அதன் மேல் ஏறி அமர்ந்து பூட்டிக்கொள்ளும். அமெரிக்கர்கள் அதே அமைப்பைச் சிறிதாக்கி, பிக்கப் வாகனத்தின் பின்தட்டுக்குள் கொக்கியாகப் பொருத்துகிறார்கள்.

வண்டியின் வாலில் கட்டி இழுப்பதைவிட இது நிதானமானது. கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருப்பதால் இழுபடும் வீடு அவ்வளவாக ஆடாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த வீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கில் ஒரு பங்கு, நேராக வண்டியின் முதுகில் இறங்குகிறது. இதைக் கொக்கிப் பாரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி இழுக்க மட்டும் செய்யவில்லை, தாங்கவும் செய்கிறது.

விளம்பரத்தின் எண், கதவின் எண்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன். ‘பதினைந்தாயிரம் பவுண்டு இழுக்கும், இருபதாயிரம் பவுண்டு இழுக்கும்’ என்பார்கள். நம் பெரியவர்கள் ராத்தல் என்று சொன்ன அதே பவுண்டுதான் இது. ஒரு பவுண்டு ஏறத்தாழ 0.45 கிலோ.

இந்த எண் பொய்யல்ல. இழுவைத் திறனைச் சோதிக்க ‘ஜே 2807’ என்ற தொழில்முறை விதி இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து மேலேறும் பதினொரு மைலுக்கும் அதிகமான மலைச்சாலையில், கொளுத்தும் வெயிலில், குளிர்சாதனத்தை முழுவதும் திறந்துவிட்டு வண்டி ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு சோதனை. ஆனால் விளம்பரத்தில் வரும் உச்ச எண், அதற்கென்றே தேர்ந்தெடுத்த ஒரு குறிப்பிட்ட அமைப்பிலான வண்டிக்கு உரியது. நீங்கள் வாங்கும் வண்டி அதுவாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் வண்டிக்கு மட்டுமே உரிய எண் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மொத்த எடை 10,000 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்ட வண்டிகளில், ‘ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது’ என்று அந்த மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் சொல்லும். இதுதான் சுமைத் திறன். அதைவிடப் பெரிய வண்டிகளிலும், அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் ஒவ்வோர் அச்சும் தாங்கும் அளவும் கதவோரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் உண்மையான எடையைக் கழித்தால் சுமைத் திறன் தெரிந்துவிடும்.

ஒரு தம்பதியரின் கணக்கு

ஓய்வு பெற்ற ஒரு தம்பதியரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ‘முக்கால் டன்’ என்று அங்கே அழைக்கப்படும் வகையில் டீசல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை, திறக்கும் கூரை என்று எல்லா வசதிகளுடனும் ஒரு வண்டி வாங்குகிறார்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 10,000 பவுண்டு. வெறும் வண்டியே 7,900 பவுண்டு. மீதம் 2,100 பவுண்டு.

கணவனும் மனைவியும் சேர்ந்து 350 பவுண்டு. கொக்கிச் சட்டம் 200. கருவிகள், நாய், சில்லறைச் சாமான்கள் 100. இவை போக மிஞ்சுவது 1,450 பவுண்டு.

அவர்கள் ஆசைப்பட்டு முன்பணம் கட்டிய நடமாடும் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட எடை 14,000 பவுண்டு. ஐந்தில் ஒரு பங்கு என்றாலே கொக்கிப் பாரம் 2,800. தாங்கக்கூடியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அந்த வண்டி கணக்குப்படி தாங்கக்கூடிய வீடு 7,250 பவுண்டுதான். விற்பனையாளர் ‘இந்த வண்டி எதையும் இழுக்கும்’ என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். தாங்குமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

வீட்டின் விற்பனைத் தாளில் கொக்கிப் பாரம் குறைவாகப் போட்டிருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது காலி வீட்டின் கணக்கு. பல வீடுகளில் படுக்கையறையும் துணி அலமாரியும் சாமான் அறையும் முன்பகுதியில், கொக்கிக்கு மேலேயே இருக்கின்றன. குடித்தனம் ஏற ஏற, கொக்கிப் பாரமும் ஏறும். ஆகவே முழுச் சுமையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

அளவு மீறினால் என்ன ஆகும்? பின் டயர்கள் சூடேறி வெடிக்கலாம். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஓடும். ‘காற்றுப் பை வைத்து நிமிர்த்திவிடலாம்’ என்று பட்டறையில் சொல்வார்கள். வண்டி நிமிரும், அச்சும் டயரும் பிரேக்கும் பழையவையே. அனுமதிக்கப்பட்ட எடை ஒரு பவுண்டுகூட உயராது.

எந்த வசதி அவசியம்?

முதலில் பின் சக்கரங்கள். ‘ஒரு டன்’ வகை வண்டியில் பின்புறம் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ளதும் உண்டு. இரட்டைச் சக்கரம் உள்ளதும் உண்டு. ஒற்றைச் சக்கர வண்டியில் சுமைத் திறன் பெரும்பாலும் 3,500 முதல் 4,000 பவுண்டு வரை இருக்கும். நமது தம்பதியருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கும். அதைவிடப் பெரிய வீடு என்றால் இரட்டைச் சக்கரம்தான் சரி. ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும். ஆனால் பின்புற அகலம் எட்டடி என்பதால் கடைவீதியில் வண்டியை நிறுத்துவது பெரும்பாடு.

அடுத்தது எஞ்சின். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே பலமாக இழுக்கும். கொலராடோவில் ஐசனோவர் சுரங்கப் பாதை கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்து சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் திணறும். டர்போ பொருத்திய டீசல் அவ்வளவாகத் திணறாது. ஆனால் டீசல் எஞ்சினின் விலை ஏறத்தாழ 10,000 டாலர் அதிகம். எடையும் பல நூறு பவுண்டு அதிகம். மொத்த எடை 10,000 பவுண்டோடு நிற்கும் முக்கால் டன் வண்டியில் அந்த எடை முழுவதும் சுமைத் திறனிலிருந்துதான் கழியும். இழுவைத் திறன் கூடும். சுமைத் திறன் குறையும். பலர் சறுக்கி விழும் இடம் இதுதான்.

டீசலோடு வரும் எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் பொன்னுக்குச் சமம். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் புகை வாடை அடிக்கும் என்பது நமக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் பிரேக் எஞ்சினின் புகை வெளியேறும் வழியை நெருக்கி, எஞ்சினையே தடையாக்கிவிடும். ஆறு டன் வீடு முதுகில் தள்ளிக்கொண்டு வரும்போது, சக்கர பிரேக்குகள் சூடேறாமல் இறங்க இது கைகொடுக்கும். ஏறுவதைவிடப் பத்திரமாக இறங்குவதே முக்கியம்.

பிறகு அச்சு விகிதம். 3.73 என்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு 3.73 முறை சுற்ற வேண்டும். 4.10 என்றால் இழுவை பலம் கூடும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். பத்து கியர் கொண்ட இன்றைய வண்டிகளில் நடுத்தர வீட்டுக்கு 3.73 அல்லது அதற்கு அருகிலுள்ள விகிதமே பெரும்பாலும் போதும். ஒன்றை மறக்க வேண்டாம். அச்சு விகிதம் இழுவைத் திறனை உயர்த்தும். சுமைத் திறனை உயர்த்தாது.

பின்தட்டின் நீளமும் முக்கியம். எட்டடித் தட்டு இருந்தால் கவலை குறைவு. ஆறரை அடி அளவிலுள்ள குட்டைத் தட்டு என்றால், குறுகலான இடத்தில் திரும்பும்போது வீட்டின் முன் மூலை வண்டியின் பின் கண்ணாடியில் இடிக்கலாம். அதைத் தவிர்க்க, பின்னால் நகரும் கொக்கி வாங்க வேண்டியிருக்கும். அதற்குக் கூடுதல் செலவு, கூடுதல் எடை.

தொழிற்சாலையிலேயே ஐந்தாவது சக்கரத்துக்கான அடித்தளத்தைப் பொருத்தித் தரும் வசதியைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பிறகு பட்டறையில் தட்டைத் துளையிட வேண்டிய வேலை மிஞ்சும். இழுபடும் வீட்டின் பிரேக்கை வண்டியிலிருந்தே இயக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் அவரவர் தேவையைப் பொறுத்தது. மழையில் ஊறிய புல்வெளியிலிருந்து வீட்டை வெளியே இழுக்க உதவும். ஆனால் சில நூறு பவுண்டு எடை கூடும். திறக்கும் கூரை, மின்சாரப் படிக்கட்டு, கருவிப் பெட்டி ஆகியவை ஒவ்வொன்றும் சிறியவைதான். மயிலிறகு தானே என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் வண்டியின் அச்சும் முறியும் என்று எச்சரித்தவர் வள்ளுவர். மாட்டு வண்டியைப் பார்த்துச் சொன்ன பேருண்மை, டீசல் வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதலில் எதை வாங்குவது?

அனுபவப்பட்டவர்கள் சொல்லும் வழி எளிது. வண்டியை முதலில் வாங்காதே. வீட்டை முதலில் முடிவு செய். அதன் முழு எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று மட்டும் பார்க்காமல், நான்கில் ஒரு பங்கு வரை கணக்கில் கொள். ஆட்கள், கொக்கி, சாமான்கள் எடையைக் கூட்டு. கிடைக்கும் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போ. விளம்பரத் தாளைப் பார்க்காமல், வாங்கப் போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து பார்.

வாங்கிய பின்னும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லோரிகள் நிற்கும் இடங்களில் எடை மேடைகள் இருக்கின்றன. சில டாலர் கட்டணத்தில் முன் அச்சு, பின் அச்சு, இழுபடும் வீடு மூன்றின் எடையும் தனித்தனியே தெரிந்துவிடும். ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஐந்தாவது சக்கர வீட்டை இழுக்கச் சாதாரண உரிமம் செல்லாது.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய கனவு, ஒரு மலைச்சாலை இறக்கத்தில் சோதனையாக மாறக் கூடாது. கடைக்காரர் எத்தனை குதிரை சக்தி என்று சொல்லட்டும். எத்தனை டன் இழுக்கும் என்று சொல்லட்டும். கேட்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இழுக்கும் சரி, தாங்குமா? அதற்கான பதில் கடைக்காரரிடம் இல்லை. கதவோரத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.