உடுவில் தம்பதியின் வரவும் செலவும்: 1819 – 1833

1819 ஜனவரி 11ஆம் திகதி திருமணம். ஜூன் 8ஆம் திகதி கப்பல். இடையில் 148 நாள். மணமகள் ஹரியற் லேத்ரப், அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் ஊர், வயது 22. மணமகன் மைரன் வின்ஸ்லோ, வேர்மொண்ற்காரர், வயது 29. குருத்துவம் படிக்கப் போவதற்கு முன் அதே நோர்விச்சில் கடை வைத்து வியாபாரம் செய்தவர். வரவு செலவு எழுதிப் பழகிய கை அது. அமெரிக்க மிசனரிகளாக இலங்கைக்கு வந்த இந்த இருவரின் குடும்பக் கணக்கு உடுவிலில்தான் முடிந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் முதல் பக்கங்களில் ஒன்று அதற்குள் இருப்பதால், கூட்டிக் கழித்துப் பார்ப்பது எங்கள் கடமையும் ஆகிறது.

முதலாம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். 365 நாளில் 148 போக மிச்சம் 217. அந்த 217 நாளில் நான்கு மாதத்துக்கு மேல் கடலில் போயிற்று. பொஸ்டனில் ஏறிய 'இன்டஸ்' கப்பல் கல்கத்தாவை அடைந்தது ஒக்டோபரில். அதே கப்பலில் வந்தவர்கள் நான்கு தம்பதிகள்: வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேர்ட், மருத்துவர் ஜோன் ஸ்கடர் குடும்பங்கள். ஸ்கடர் தம்பதி தம் குழந்தையைக் கல்கத்தாவிலேயே பறிகொடுத்தார்கள். இனி வயிற்றில் ஒன்றைச் சுமக்கப் போகிற மற்றப் பெண்களின் கண்முன்னே அது நடந்தது. டிசம்பரில் இலங்கைக் கரை. முதலாவது மணநாள் வந்தபோது ஹரியற்றுக்குத் தனக்கென ஓர் அடுப்பு இருக்கவில்லை.

உடுவிலில் குடியேறியது 1820 ஜூலையில். திருமணமாகி ஏறத்தாழ 18 மாதம் கழித்துத்தான் அவர்கள் தனிக்குடித்தனம் தொடங்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர். செம்மண், ஆழக் கிணறு, சுற்றிலும் பனை. ஒல்லாந்தர் காலத்துக் கிறித்தவக் கோயில் வளவு ஒன்று அங்கே கிடந்தது. இரண்டாவது மணநாளுக்கு அடுத்த நாள், 1821 ஜனவரி 12, மூத்த மகன் சார்ள்ஸ் பிறந்தான்.

இனிச் செலவுப் பக்கம். அமெரிக்க மிசனின் முதல் தொகுதியினர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். அவர்களில் எட்வேர்ட் வொறன் 1818இலேயே இறந்துவிட்டார். தெல்லிப்பழையில் டானியேல் பூவரின் மனைவி சூசன் 1821 மே மாதம். ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ் 1822 ஓகஸ்டில். ஆக, வின்ஸ்லோ தம்பதி உடுவிலுக்கு வந்து இரண்டு ஆண்டைச் சற்றுத் தாண்டுவதற்குள் பக்கத்தில் இரண்டு மரணம். இறந்தவர்களின் இடத்துக்குப் புதிதாக ஆள் வரவும் வழியில்லை. 1820 ஓகஸ்டில் ஜேம்ஸ் கரற் என்ற அச்சுத் தொழில் தெரிந்தவர் வந்திறங்கினார். துணை ஆளுநர் எட்வேர்ட் பார்ண்ஸ் அவரை வெளியேறச் சொல்லிவிட்டார். அமெரிக்கர் மேலும் வரக் கூடாது என்பது கட்டளை. அது நீங்கியது 1833இல். 13 ஆண்டு. ஹரியற் உடுவிலில் இருந்த காலம் ஏறக்குறைய முழுவதும் இந்தத் தடைக்குள்தான் அடங்கிப்போயிற்று. நிலையங்களோ ஐந்து: தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய்.

கடிதம்கூடச் செலவுதான். கப்பல் ஒரு வழிக்கு நான்கு, ஐந்து மாதம் எடுத்தால் தாய்க்கு எழுதியதற்குப் பதில் வர எட்டு, பத்து மாதம் ஆகும். காய்ச்சலில் கிடக்கிறேன் என்று எழுதினால், சுகமா என்று கேட்டுக் கடிதம் வரும்போது அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அடுத்த மழைக்காலம் தொடங்கியிருக்கும்.

மாணவர் செலவுக்கு நல்ல கணக்கு உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றைத் தங்கவைத்துப் படிப்பிக்க ஆண்டுக்கு 12 டொலர் என்று அமெரிக்காவில் நிதி திரட்டினார்கள். பணம் தருபவர் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். அந்த 12 டொலர் எங்கள் பக்கம் என்ன பெறுமதி? ஸ்பானிய டொலர் ஒன்று 4 சிலிங் 4 பென்ஸ் என்று எடுத்தால் 52 சிலிங். இலங்கை நாணயமான இறைசால் ஒன்றை 1825இல் 1 சிலிங் 6 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வகுத்தால் 34⅔ இறைசால். மாதம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஓர் இறைசாலுக்கு 12 பணம். எனவே ஒரு பிள்ளையின் சோறு, துணி, படுக்கை, ஓலை, எழுத்தாணி எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்கு ஒரு பணத்துக்குக் கொஞ்சம் மேல்.

அந்தப் பன்னிரண்டு டொலரின் தடம் தமிழ் இலக்கிய வரலாற்றில் இன்றைக்கும் கிடக்கிறது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை: முன்னுள்ள பெயர் கொடையாளி நாட்டிலிருந்து வந்தது, பின்னுள்ளது வீட்டில் வைத்தது. 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்து, பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளைக்குத் திருமுழுக்குப் பெயர் சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பரி என்றுதான் எழுதிவருகிறார்கள். உடுவில் வின்ஸ்லோ வீட்டு மூத்த பையனும் சார்ள்ஸ் வின்ஸ்லோதான் என்பதைப் பார்த்த பிறகு, இந்தக் கணக்கை ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் தனிக் கணக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

வரவில் பெரியது பள்ளிக்கூடம். ஆண் பிள்ளைகள் வருவார்கள். பெண் பிள்ளையை எழுத்துப் படிக்க அனுப்பும் வழக்கம் நல்ல குடும்பங்களில் இல்லை. உடுவிலில் சொல்லிவரும் கதை இது: ஹரியற்றின் விறாந்தையில் தையல் பழக இரண்டு சிறுமிகள் வந்துபோனார்கள். ஒரு நாள் பின்னேரம் மாரி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக வழியில்லை. பசியில் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அந்நியர் வீட்டுச் சோறு சாதிக்கு ஆகாது. பசி வென்றது, சாப்பிட்டார்கள், அங்கேயே படுத்தார்கள். காலையில் வந்த தகப்பன்மாருக்கு நடந்தது நடந்துவிட்டது. அந்த ஒரு வேளைச் சோற்றின் விலை மேலே போட்ட கணக்கில் ஒரு பணம்கூட வராது. பெண்களுக்கான விடுதிப் பள்ளி 1824இல் தொடங்கியது. ஆண்களுக்கான வட்டுக்கோட்டைச் செமினரி அதற்கு ஓராண்டு மூப்பு.

மிசன் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. செமினரியில் படித்து வெளியே வரும் இளைஞனுக்குப் படித்த, கிறித்தவளான மனைவி வேண்டும். படிப்பை முடித்துக் கிறித்தவனை மணக்கும் பெண்ணுக்கு மிசனே சீதனம் கொடுத்தது. சீதனமில்லாமல் கல்யாணம் பேசாத ஊரில் இது எவ்வளவு வலுவான தூண்டில் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மதமாற்றத்துக்கு இதைப் பயன்படுத்தியதை நான் ஏற்கவில்லை. ஆறுமுக நாவலர் அதை எதிர்த்து எழுந்ததும் நியாயம். ஆனால் அதே தூண்டிலில் சிக்கிய சிறுமிகள் வாசிக்கவும் எழுதவும் படித்தார்கள், தங்கள் மகள்களுக்கும் அதைக் கேட்டு வாங்கினார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

1832 மே மாதம், படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய சார்ள்ஸ் நியூயோர்க்கில் இறந்தான். 11 வயது. எட்டு மாதத்துக்குள், 1833 ஜனவரி 14, ஹரியற் உடுவிலில் கண்மூடினார். 36 வயது. மணநாளிலிருந்து 14 ஆண்டும் 3 நாளும். அதில் உடுவில் வீட்டுக்குக் கிடைத்தது பன்னிரண்டரை ஆண்டு. கூட்டினால் அவர்களின் மணவாழ்வில் பத்துக்கு ஒன்பது பங்கு எங்கள் மண்ணில் கழிந்திருக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 1835இல், மைரன் அந்தப் பதினான்கு ஆண்டையும் திரும்பிப் பார்த்தார். மனைவியின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் தொகுத்து நூலாக வெளியிட்டார். பிறகு சென்னைக்குப் போனார். ஜோசப் நைற் தொடங்கி வைத்த அகராதி வேலையை முடித்து 1862இல் அச்சிட்டார்: 976 பக்கம், 67,452 சொல். அதில் 30,000க்கும் மேற்பட்டவை முந்திய அகராதிகளில் ஏறாதவை. தமிழ் அறிந்த எவருக்கும் வின்ஸ்லோ என்றால் இந்த எண்தான் நினைவுக்கு வரும். வர வேண்டியதும்தான், இன்றைக்கும் சந்தேகம் வந்தால் நான் அந்த அகராதியைத்தான் புரட்டுகிறேன்.

ஆனாலும் தம்பதியின் கணக்கில் ஒருவர் பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு மூடக் கூடாது. ஹரியற்றின் பக்கத்தில் எழுத வேண்டியவை: அவருக்குப் பின்னால் தங்கைமார் மூவர் இதே மிசனுக்கு வந்தார்கள், ஒரே தாய் வயிற்றில் நால்வர். பள்ளியை அடுத்துப் பொறுப்பெடுத்தவர்கள் ஒரே கப்பலில் கூட வந்த லீவை, மேரி ஸ்போல்டிங் தம்பதி. லீவை உடுவிலிலேயே 1873இல் இறந்தார். மறு ஆண்டு மேரி. எலிசா அக்னியூ 1840ஐ ஒட்டி வந்து, 1879 வரை தலைமை ஏற்று, நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு தடவையும் தாய்நாடு திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் இறந்தார். அவர் கையில் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேல். ஹரியற்றின் பெயரையே சூட்டிய மகளின் பேரர்களில் ஒருவர், 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளிநாட்டமைச்சராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ்.

பள்ளிக்கு 2024இல் 200 வயது. அகராதிச் சொல்லை எண்ணி முன்னுரையில் போட்டிருக்கிறார்கள். அந்த இருநூறு ஆண்டில் உடுவிலில் எழுத்தறிந்த பெண்களை, அவர்களின் மகள், பேத்திகளோடு சேர்த்து எண்ணிப் போடும் வேலை பாக்கி நிற்கிறது. பள்ளி இடாப்பிலிருந்தும் கோயில் கல்யாணப் பதிவேட்டிலிருந்தும் அதைத் தொடங்கலாம்.