வக்கீல் ஆபீஸில் யார் யார்? வழக்கு கொடுத்த குடும்பங்கள் தெரிந்துகொள்ள

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கணவரை இழந்த ஒரு சகோதரி மஞ்சள் பையோடு வந்தார். கணவரின் சகோதரர்கள் வீட்டில் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். “வக்கீல்ட்ட கொடுத்தாச்சு ஹஜ்ரத், அவர் பார்த்துக்குவார்னு இருந்துட்டேன்” என்றார். பையிலிருந்த தாள்களைப் புரட்டினால், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி இரண்டு மாதம் ஓடியிருந்தது. அதாவது, இவர் தரப்பைக் கேட்காமலேயே முடிந்த தீர்ப்பு.

அந்த வக்கீல் ஆபீஸுக்கு நானும் சென்றேன். டைரியில் இருந்தது சகோதரியின் எண் அல்ல, மகனுடைய எண். மகன் ரியாத் போய் எண்ணை மாற்றிவிட்டார். குமாஸ்தா பலமுறை அழைத்துப் பார்த்து விட்டுவிட்டார். விவரம் கேட்டு எழுதிய ஜூனியர் வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார், அடுத்து வந்தவருக்குக் கட்டின் கதை தெரியாது. சீனியருக்கு இந்தப் பெண்ணின் முகமே நினைவில்லை. யார்மீது தவறு என்று கேட்டால், ஒரு கடிதமாவது போட்டிருக்க வேண்டும் என்று ஆபீஸைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அந்த ஆபீஸில் யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று நம் வீட்டாருக்கும் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

பெரிய நகரங்களில் பங்குதாரர்கள், மேலாளர், கணக்குப் பிரிவு என்று கம்பெனி போல நடக்கும் சட்ட நிறுவனங்கள் உண்டு. நம் குடும்பங்கள் ஏறுவது அந்தப் படிகளில் அல்ல. கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை, ஒரு சீனியர், இரண்டு மூன்று ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட். அவ்வளவுதான் ஆபீஸ்.

சீனியர் என்று நாம் சொல்வது ஆபீஸின் தலைவரை. சட்டத்தில் ‘மூத்த வழக்கறிஞர்’ என்பது வேறு. அது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ கொடுக்கும் தகுதி. அவர்கள் வக்காலத்து போட முடியாது, இன்னொரு வழக்கறிஞர் மூலமாகத்தான் வாதாட முடியும். நம் ஊர் சீனியர் நாமே போய்ப் பார்க்கக்கூடியவர்.

காலை 10.30 மணிக்குக் கோர்ட் கூடினால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கோர்ட்டுகளில் அவர் பெயரில் வழக்குகள் அழைக்கப்படும். அதனால் வாய்தாவுக்கு நிற்பதும் சின்ன மனுக்களைச் சொல்வதும் ஜூனியர்கள். “நம்ம வக்கீல் வரவே இல்லை, சின்னப் பையனை அனுப்பிவிட்டார்” என்று கோபப்படுகிறோம். வாய்தா நாளில் ஜூனியர் நிற்பது குறையல்ல. சாட்சி விசாரணையிலும் இறுதி வாதத்திலும் யார் நிற்பார் என்பதை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனியர்கள் அடிக்கடி மாறுவதற்குச் சம்பளமும் ஒரு காரணம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்ற பேச்சே வந்தது.

இனி குமாஸ்தா. ஆபீஸை உண்மையில் ஓட்டுகிறவர் இவர்தான். கேஸ் கட்டு இவர் கையில் இருக்கும். வாய்தா தேதியை டைரியிலும் கட்டின் மேலும் எழுதுவது, கோர்ட் கட்டண ஸ்டாம்ப் வாங்குவது, சம்மனுக்குப் பேட்டா கட்டுவது, தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுவது, குறை சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி கொடுப்பது எல்லாம் இவரே. தேதி கேட்க வேண்டுமானால் சீனியரைத் தேடி அலைய வேண்டாம், இவரைக் கேளுங்கள். ஆனால் “இந்தச் சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ளலாமா?” என்று இவரிடம் கேட்காதீர்கள். முப்பது வருட அனுபவம் இருந்தாலும் சட்ட ஆலோசனை சொல்ல வேண்டியவர் வக்கீல். நீங்கள் சொன்ன குடும்ப ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற கடமை வக்கீலுக்கு மட்டுமல்ல, குமாஸ்தாவுக்கும் சட்டப்படி உண்டு.

பணத்தில்தான் மனக்கசப்பு அதிகம் வருகிறது. வக்கீல் ஃபீஸ் வேறு, செலவு வேறு. கடனைத் திரும்பக் கேட்டு 10 லட்சத்துக்கு வழக்குப் போட்டால், தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் கோர்ட் கட்டணம். அது அரசுக்குப் போவது. இரண்டையும் தனித்தனியே எழுதி ரசீது கேளுங்கள். கேட்பது அவமரியாதை என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கூச்சம் எதற்கு? ஜெயித்தால் சொத்தில் பங்கு என்ற பேச்சுக்கு மட்டும் போகாதீர்கள். அப்படி ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

ஜமாஅத்தில் எழுதிக் கொடுக்கும் பாகப் பட்டியலை மட்டும் வக்கீலிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோரும் உண்டு. அது யாருக்கு எவ்வளவு என்று காட்டும், வழக்கை நடத்தாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். முதலில் நகல் கொடுங்கள். அசலைக் கொடுக்க நேர்ந்தால் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்வழக்குரை போட வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை கோர்ட் அனுமதிக்கலாம். அது போகாமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள். அதுவும் கடந்தால் தாமதத்துக்குத் தனி மனுவும் போட்டுக் காரணத்தை விளக்க வேண்டும்.

வக்கீலை மாற்றவே வேண்டியிருந்தால், பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவதுதான் வழக்கம். ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாகக் கேட்கலாம். வசதி இல்லாத பெண்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அந்தச் சகோதரிக்காக இரண்டு மனுக்களும் போடப்பட்டன. எதிர்த் தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு, அதைக் கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவை யாரும் பார்க்கலாம். குமாஸ்தாவே அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். இப்போது அவருடைய மகள், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, வாய்தாவுக்கு முந்தைய நாள் பார்த்துவிட்டு குமாஸ்தாவுக்கு அழைக்கிறாள். டைரியிலும் அவள் எண்தான் இருக்கிறது.