கொல்வதா, விடுவதா? உடலின் காவலர்கள் முடிவெடுக்கும் விதம்

மாணவர்களே, நம் நாட்டில் 12 வயதானதும் மைகார்டு எடுக்க வேண்டும். உங்கள் உடலிலுள்ள உயிரணுக்களிடமும் அப்படியோர் அடையாள அட்டை இருக்கிறது தெரியுமா? எம்.எச்.சி. முதல் வகைப் புரதம்தான் அந்த அட்டை. உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் அதைத் தம் மேற்பரப்பில் வைத்திருக்கின்றன.

அதைச் சோதிக்க ஒரு காவற்படை இரத்தத்தில் சுற்றி வருகிறது. இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் என்பது அதன் பெயர். வெள்ளை இரத்த அணுக்களில் இவை ஒரு வகை. 1975இல் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த ரோல்ப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் இவற்றை விவரித்தனர். முன்பின் சந்தித்திராத புற்றுநோய் உயிரணுக்களையும் இவை கொன்றதால் இப்பெயர் அமைந்தது.

யாரைக் கொல்வது என்று இவற்றுக்கு எப்படித் தெரிகிறது? அதே கழகத்தின் கிளாஸ் காரேயும் அவருடைய குழுவினரும் 1986இல் ஒரு விடையை வெளியிட்டனர். அட்டை உள்ள புற்றுநோய் உயிரணுக்கள் எலிகளின் உடலில் வளர்ந்தன. அட்டையை இழந்தவை அழிக்கப்பட்டன. எதிரியின் முகத்தைவிட, இருக்க வேண்டிய அட்டை இல்லாததே காவலரின் கண்ணை உறுத்துகிறது!

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். சிவப்பு இரத்த அணுக்களுக்கு உட்கரு இல்லை. இந்த அட்டையும் இல்லை என்றே சொல்லலாம். அவை ஏன் தப்பிக்கின்றன?

கொல்வதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தடுக்கும் சமிக்ஞை குறைய வேண்டும். தூண்டும் சமிக்ஞையும் வர வேண்டும். வைரஸ் தொற்றாலோ புற்றுநோயாலோ பாதிக்கப்பட்ட உயிரணு, ஆபத்தைக் காட்டும் புரதங்களை வெளியே நீட்டும். காவலரின் மேற்பரப்பிலுள்ள என்.கே.ஜி.2டி போன்ற ஏற்பிகள் அவற்றைப் பற்றிக்கொள்ளும். உடனே கைனேஸ் எனும் நொதிகள் உள்ளிருக்கும் சமிக்ஞைப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அஞ்சல் ஓட்டத்தில் கோல் கைமாறுவதுபோல் செய்தி புரதத்திற்குப் புரதம் பரவுகிறது.

எதிரே அட்டை இருந்தால், தடுக்கும் ஏற்பிகள் எஸ்.எச்.பி.-1 என்ற நொதியை அழைக்கின்றன. அது ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஓட்டம் பாதியில் நிற்கும். அட்டை இல்லையென்றால் செய்தி இறுதிவரை சென்று சேரும். அப்போது காவலர் பெர்போரின் புரதத்தால் எதிரியின் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் நொதிகளைச் செலுத்துகிறார். அந்த உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. சிவப்பு இரத்த அணுவோ தூண்டும் சமிக்ஞையைத் தருவதில்லை; அதனால் பிழைக்கிறது.

எதிரிகளும் சும்மா இருப்பதில்லை. வைரஸ் தாக்கிய உயிரணுவின் அட்டையில் அந்த வைரஸின் துண்டும் தெரியும். டி உயிரணுக்கள் அதைப் பார்த்துத் தாக்கும். அதனால் சைட்டோமெகலோவைரஸ் அட்டைகளை அகற்றிவிடுகிறது. பிறகு இயற்கைக் கொல்லிகளிடம் சிக்காதிருக்க ஒரு போலி அட்டையையும் தயாரிக்கிறது! சில புற்றுநோய்க் கட்டிகளோ தங்கள் ஆபத்துப் புரதங்களை உதிர்த்துவிட்டுக் காவலரின் கண்ணில் மண்ணைத் தூவுகின்றன.

இந்தத் தடையைத் தளர்த்திப் புற்றுநோயை வெல்ல முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்கின்றனர். அளவுக்கு மீறித் தளர்த்தினால் நலமான உயிரணுக்களும் பலியாகலாம். இறுக்கிப் பிடித்தாலோ நோய் தப்பிவிடும். உங்கள் நலம் இந்தச் சமநிலையில் அடங்கியிருக்கிறது.