பிழை எந்த வரியில்?

அந்நாளில் தோட்டத்துப் பெரட்டில் கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செக்ரோல் தொலைந்து நம்பர் மட்டும் மிஞ்சினால், 118 யார், எந்த நிரையில் பால் வெட்டியவர் என்று எப்படிச் சொல்வது? கணினியிலும் இதே தொல்லை உண்டு.

'சி' மொழியில் நிரல் எழுதுகையில் மொத்தம், சராசரி என்று பெயரிட்டு வரிவரியாக எழுதுகிறோம். கம்பைலர் என்னும் தொகுப்பி அதை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. மாற்றியபின் வரிகள் இல்லை. பெயர்களும் பெரும்பாலும் இல்லை. எஞ்சுபவை எண்களே. இயந்திரத்துக்கு அது போதும். பழுது பார்ப்பவருக்குப் போதாது.

எங்கள் பள்ளியில் வகுப்புவாரியாகச் சராசரி மதிப்பெண் கணக்கிட, முன்னாள் மாணவர் ஒருவர் நிரல் எழுதித் தந்திருந்தார். லினக்ஸ் கணினியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அது, ஓராண்டு திடீரென்று பாதியில் நின்றது. கணினியின் பதிவில் நின்ற இடத்தின் முகவரி எண் மட்டும் இருந்தது. நிரல் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் வேறு இடத்தில் ஏற்றப்படுவதால், அந்தத் தொடக்க எண்ணைக் கழித்தோம். பதினாறடிமானக் கணக்கில் 1189 வந்தது.

நல்ல வேளையாக, தொகுக்கும்போது அவர் '-ஜி' என்ற குறியைச் சேர்த்திருந்தார். அப்படிச் சேர்த்தால் நிரற்கோப்பினுள்ளேயே ஒரு செக்ரோல் தங்கிவிடும். கோப்புப் பெருக்கும், ஓடும் வேகம் குறையாது. இந்தக் குறிப்புகளை எழுதிவைக்கும் முறைக்கு 'டுவார்ஃப்' என்று பெயர். அதன் ஐந்தாம் பதிப்பு 2017இல் வந்தது. லினக்ஸ் நிரற்கோப்பின் வடிவம் 'எல்ஃப்'. மேல்நாட்டுக் கதைகளில் எல்ஃப் குட்டித் தேவதை, டுவார்ஃப் குள்ளன். வேடிக்கையாகத்தான் ஜோடி சேர்த்திருக்கிறார்கள்!

எந்த முகவரி எந்த வரிக்குரியது என்ற அட்டவணையை அப்படியே எழுதினால் இடம் கொள்ளாது. ஆகவே, "முகவரியில் இவ்வளவு கூட்டு, வரியில் இவ்வளவு கூட்டு" என்ற குறுங்கட்டளைகளாகவே அது சுருக்கி வைக்கப்படுகிறது. படிப்பவர் அவற்றை நடத்திப் பார்த்து அட்டவணையை மீண்டும் வரைந்துகொள்ள வேண்டும். கையால் செய்தால் பொழுது போதாது. பைத்தான் மொழியில் எலி பெண்டர்ஸ்கி எழுதிய 'பை-எல்ஃப்-டூல்ஸ்' என்ற இலவசத் தொகுப்பு இதைச் செய்து தருகிறது.

நிரற்கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறவாமல் இரும முறையில் திறக்க வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பிறகு டுவார்ஃப் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் உரிய வரி அட்டவணையைப் புரட்டலாம். நாம் தேடும் எண் அப்படியே அங்கு இராது. 1184இல் 47ஆம் வரி, 1192இல் 48ஆம் வரி என்றிருந்தால், இடைப்பட்ட 1189 என்பது 47ஆம் வரியைச் சேர்ந்தது. இருபது வரிப் பைத்தான் நிரலில் காரியம் முடிந்தது.

ஒன்றை மறக்கலாகாது. மூலத்தைத் திருத்திய பின் பழைய கோப்பின் குறிப்பை வைத்துத் தேடினால், வரி தவறாகக் காட்டும். கோப்பைச் சிறிதாக்க வேண்டிக் குறிப்புகளை 'ஸ்ட்ரிப்' கட்டளையால் உரித்தெடுப்பவர்கள், உரிக்காத பிரதி ஒன்றைத் தனியே வைத்திருக்க வேண்டும்.

47ஆம் வரியைத் திறந்து பார்த்தோம். மொத்த மதிப்பெண்ணை மாணவர் எண்ணிக்கையால் வகுக்கும் வரி அது. அந்த ஆண்டு எங்கள் முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் சேரவில்லை. இயந்திரத்தைப் பூச்சியத்தால் வகுக்கச் சொல்லியிருக்கிறோம்.