முன்னால் நிற்பவர் யார்?

இத்தாலியின் ரவென்னா நகரில் உள்ள சான் விட்டாலே ஆலயத்துக்குப் போகிறவர்கள் பீடத்தின் இடப்பக்கச் சுவரில் பேரரசர் ஜஸ்டினியனைப் பார்க்கலாம். பரிவாரத்தோடு நிற்கிறார், சில்லுகள் பதித்த மொசைக்கில். எல்லோரும் ஒரே வரிசை, எல்லோரும் நேர்முகம், நிழல் கிடையாது. காலடியில் ஒரு பச்சைப் பட்டை, பின்னால் வெறும் பொன். பாதங்கள் தரையில் ஊன்றாமல் தொங்குவதுபோல் இருக்கும். "அந்தக் காலத்தில் வரையத் தெரியவில்லை" என்று பலரும் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், அந்தப் பேச்சை என்னால் அப்படியே விட்டுவிட முடிவதில்லை.

அதே இடத்தில் சற்று அண்ணாந்து பாருங்கள். ஆபிரகாம் மரத்தடியில் மூன்று விருந்தினருக்கு உணவு படைக்கிறார். வாசலில் சாரா நிற்கிறார். பாறைகளுக்கு நடுவே மோசே காலணியின் வாரை அவிழ்க்கிறார். குன்று, செடி, ஆடு எல்லாம் உண்டு. மண்ணையும் மரத்தையும் காட்டத் தெரிந்தவர்கள் காலத்தில்தான் அரசர் பொன்வெளியில் நிறுத்தப்பட்டார். காரணம் இருக்கிறது: அங்கே காட்டப்படுவது நடந்த நிகழ்ச்சி அல்ல. ஜஸ்டினியனோ அரசி தியோடோராவோ ரவென்னாவுக்கு வந்ததே இல்லை.

கோத்தியர் என்ற இனத்தார் இந்த ஊரை ஆண்டபோதே ஆயர் எக்லேசியுஸ் இந்த ஆலயத்தைத் தொடங்கினார். செலவை ஏற்றவர் ஜூலியஸ் அர்ஜெண்டாரியுஸ் என்ற செல்வந்தர். 540இல் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியுஸ் நகரைப் பிடித்தார். 547இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. புதிதாகக் கைக்கு வந்த ஊரில், ஒவ்வொரு திருப்பலியின்போதும் அரசர் பீடத்தருகே இருக்கிறார் என்று அந்தச் சுவர் அறிவித்தது. ஊதா மேலாடையும் தலையைச் சுற்றிய ஒளிவட்டமும் அவருடைய பதவியைச் சொல்கின்றன. ஒளிவட்டம் என்றாலே புனிதர் என்று நாம் பழகியிருக்கிறோம்; அந்நாளில் அது பேரரசருக்கும் உரியது.

அரசருக்கு அருகில் சிலுவை ஏந்தி நிற்பவர் ஆயர் மாக்சிமியானுஸ். அத்தனை பேரில் இவருக்கு மட்டுமே தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது. இவர் ஜஸ்டினியன் அனுப்பிய வெளியூர்க்காரர். ரவென்னா மக்கள் முதலில் இவரை ஏற்கவில்லை. அந்தப் பெயருக்கு அங்கே வேலை இருந்தது. இனி இருவரில் யார் முன்னால் என்று பாருங்கள். உடலை வைத்துப் பார்த்தால் அரசர் ஆயரை மறைக்கிறார். பாதங்களை வைத்துப் பார்த்தால் ஆயர்தான் முன்னே. தூரத்தையும் அண்மையையும் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் விதிப்படி இது தவறு. ஆட்சிக்கும் திருச்சபைக்கும் யார் முதல் என்ற கேள்வியை இவ்வளவு நுட்பமாக நிறுத்திவைத்த இன்னொரு படத்தை நான் கண்டதில்லை.

இம்மாதிரிப் படங்களில் முகத்தைவிடக் கைகளை முதலில் பார்ப்பது என் வழக்கம். முகங்கள் அமைதியாக இருக்கும். கைகளோ பேசிக்கொண்டே இருக்கும். ஜஸ்டினியன் கையில் அப்பத்துக்கான பொற்தட்டு. குருக்களில் ஒருவரிடம் நற்செய்தி நூல், மற்றவரிடம் தூபக் கலசம். பீடத்துக்குப் பின்னுள்ள வளைவில், நீலக் கோளத்தின்மேல் அமர்ந்த தாடியில்லாத இளம் கிறிஸ்து புனித விட்டாலிசுக்கு மணிமுடி நீட்டுகிறார். எக்லேசியுஸ் இந்த ஆலயத்தின் சிற்றுருவையே ஏந்தி நிற்கிறார். பக்கச் சுவரில் ஆபேல் ஆட்டுக்குட்டியையும் மெல்கிசெதேக்கு அப்பத்தையும் உயர்த்துகிறார்கள். ஆபிரகாமின் கையில் விருந்தினருக்கான உணவு. நூற்றாண்டுகள் தள்ளி வாழ்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பீடத்தைச் சுற்றிக் காணிக்கையோடு கூடியிருக்கிறார்கள். இப்படிக் கூட்டுவதற்கு ஒரு காலமோ ஓர் ஊரோ தடையாகக் கூடாது. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே தங்கத்தகடு வைத்துச் செய்த சில்லுகளைக் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நாம் நகர நகர ஒளியும் நகர்கிறது. அந்தப் பொன்தான் எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது.

எதிர்ச்சுவரில் தியோடோரா இரசக் கிண்ணத்தை நீட்டுகிறார். அவருடைய அங்கியின் கீழ்க்கரையில் பொன்னில் தெரியும் சின்ன உருவங்கள் மூன்று ஞானிகள். அவர்களும் காணிக்கை ஏந்தித்தான் விரைகிறார்கள். கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் எளிதில் படாது. நல்ல பெரிய நிழற்படம் கிடைத்தால் அரசியின் முகத்தில் நின்றுவிடாமல் அந்தக் கரைவரை போங்கள்.